பிரெஞ்சு இலைகள்

சூடாக்கிய கம்பி ‘றெஜிபோம்’ என்கிற வெள்ளை நுரைப் பலகையை அறுக்கும்போது மூக்கைக் கரிக்கும் ஒரு மணம் எழும்; லண்டனின் பார்க்கிங் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்வளவுக் கொட்டகையில் கலியாண மணவறைகள் செய்து வாடகைக்கு விட்ட அப்பாவின் சட்டையிலும் அந்த மணமே இருந்தது. எனக்குப் பத்து வயதான வருடம், ஞாயிற்றுச் சந்தையொன்றிலிருந்து அவர் ஒரு கட்டுப் பழைய பிரெஞ்சுப் படங்களை வாங்கி வந்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அலங்காரங்கள் அவை: சுருண்டு மடியும் இலைகள், சிப்பிகள், நாடா கட்டிய பூக்கூடைகள். ஒரு பக்கச் சுருள் மறுபக்கச் சுருளைப் போல இராது. ஆனாலும் முழுப் படமும் சாயாமல் நிற்கும்.

அவற்றைப் பார்த்து மணவறைக்கு இலை கீறும் வேலையை அப்பா வதனியக்காவிடம் கொடுத்தார். பெரியப்பாவின் மகள், இலங்கையில் நடந்த சண்டையில் தகப்பனை இழந்து, தாய் கனடாவில் காலூன்றும்வரை எங்களோடு இருக்க வந்தவள். நானும் ஒரு தாளில் பென்சிலால் கீறி அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“உன்ரை இலை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கிடக்கு. அக்கான்ரையைப் பார்” என்றார்.

பார்த்தேன். அவளுடையது காற்றில் அசைவது போலிருந்தது.

வெம்பிளியில் நடந்த ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் மணவறையைத் தடவிப் பார்த்து, “ஆர் கீறினது?” என்று கேட்டார். “என்ரை பிள்ளைதான்” என்று அப்பா வதனியக்காவின் தலையில் கை வைத்தார். அவருடைய மற்றப் பக்கத்தில் நான் நின்றேன். ‘தேப்பன் இல்லாத பிள்ளை’ என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். தெரிந்தும், அந்தக் கையிலிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு அவள் தாயிடம் புறப்பட்டபோது, அந்தப் பிரெஞ்சுப் படங்களில் மிக அழகானதை அப்பா அவளிடம் கொடுத்தார்.

“அப்ப எனக்கு?” என்றேன்.

“உனக்கு நான் இருக்கிறன்தானே” என்றார்.

இப்போது மணவறைக்கு ரோசாப்பூச் சுவர் வைக்கிறார்கள். கொட்டகையை இடித்துச் சமையற் குசினியைப் பெருப்பித்தாயிற்று. மற்றப் படங்களெல்லாம் வேலையிலேயே கிழிந்து போயின. அப்பாவும் போன மாரியில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, தன் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் படத்தை வதனியக்கா போனில் எடுத்து அனுப்பினாள். அளவுக்காக அப்பா ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் குறித்து வைப்பார். அந்த எழுத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் முழுவதும் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. கழற்றிப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.