மேட்டூர் திறந்தால் கேம் வேகமாகும்

டி.வி.யை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் முழங்கையை ஒட்டினால் பூனைமயிரெல்லாம் எழுந்து நிற்க, ‘சடசட’வென்று ஒரு சத்தமும், சூடேறிய தூசியின் வாசனையும் வரும். அந்த வாசனைக்காகவே நானும் என் தங்கை ரஹ்மத்தும் யார் அணைப்பது என்று அடித்துக்கொள்வோம். குடவாசலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த அந்த டி.வி.யும், அதன்மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியும், எல்லாமே சவூதியிலிருந்த அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், சம்பாத்தியத்தில் வந்தவை. அத்தா மட்டும் மூன்று வருடமாக வரவில்லை.

வெளிநாட்டில் வேலை செய்பவரை எங்கள் பக்கத்தில் “சபுராளி” என்பார்கள். நிலமுள்ள வீடுகளில் பயிரைப் பற்றிப் பேசுவதுபோல எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சபுராளி எப்போது வருகிறார் என்று பேசுவார்கள். அப்படி வந்த ஒருவர் கையில்தான் அத்தா ஒரு “டி.வி. கேம்” கொடுத்தனுப்பியிருந்தார். துண்டில் சுற்றி வந்த அந்தப் பெட்டியோடு ஒரு கடிதமும் இருந்தது. தானும் இதேபோல ஒன்று வாங்கி ரூமில் வைத்திருப்பதாகவும், எங்களுடையதை இந்திய டி.வி.க்கு ஆகிற மாதிரி கேட்டு வாங்கியதாகவும் எழுதியிருந்தார். அதற்குக் கீழேதான் எங்கள் தலையெழுத்து இருந்தது: “விமானக் கேமில் முதல் கட்டத்தை ஒரு தடவைகூடச் சாகாமல் சரியாக ஐந்து நிமிஷத்தில் முடித்தேன். நீங்கள் என்னை முந்துகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன்.”

அம்மா அதைப் படித்துவிட்டு, அத்தா விளையாட்டுக்கு எழுதியிருக்கிறார் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். நாங்கள் அதைப் பத்திரத்தில் எழுதிய வாசகமாகவே எடுத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு உட்கார்ந்தால், ரஹ்மத் விமானத்தை ஓட்டுவாள். நான் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்ப்பேன். அடுத்த முறை இடம் மாறிக்கொள்வோம். படத்துக்கு மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். ரஹ்மத் அதைக் “கரை” என்பாள், சேலைக்குக் கரை இருப்பதுபோல. முதலில் செத்துச் செத்துப் பிழைத்தோம். பிறகு கை பழகிச் சாகாமலே முடித்தோம். ஆனால் எப்படி ஓட்டினாலும் ஆறு நிமிஷம். வலதுபக்கப் பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துப்போனதே தவிர, அத்தாவின் ஐந்துக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்று நான் சொன்னபோது, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் அம்மா.

அடுத்த தெரு வயர்மேன் கலியமூர்த்திதான் எங்கள் கட்சியில் சேர்ந்தார். ஃபியூஸ் போட வந்தவர் நாங்கள் விளையாடுவதை நின்று பார்த்துவிட்டு, கொஞ்சமும் தயங்காமல் காரணம் சொன்னார்.

“ஊரு பூரா வயலுக்குத் தண்ணி எறைக்க மோட்டார் ஓடுது பாப்பா, கரண்டு பத்தல. ஃபேனே சாவகாசமாத்தான் சுத்துது, கேமு மட்டும் எப்படிப் பறக்கும்? மேட்டூர் தொறந்து ஆத்துல தண்ணி வரட்டும், மோட்டாரை நிறுத்திடுவாங்க. தானா வேகமாயிடும்.”

இதைவிடத் தெளிவான விளக்கம் உலகத்தில் இருக்க முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது. அந்தக் கோடை முழுக்க மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று நாங்கள் விசாரித்த அளவுக்கு எந்த மிராசுதாரரும் விசாரித்திருக்க மாட்டார். ஒரு குழி நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆற்றின்மேல் என்ன இவ்வளவு அக்கறை என்று வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள்.

தண்ணீர் வந்தது. மோட்டார்கள் நின்றன, ஃபேன் பறந்தது, மஞ்சளாக அழுதுகொண்டிருந்த பல்பு வெள்ளையாக எரிந்தது. ரஹ்மத் பிஸ்மில்லா சொல்லி விமானத்தை எடுத்தாள். ஒரு தடவைகூடச் சாகவில்லை. அவள் ஆட்டத்திலேயே அதுதான் சிறந்த ஆட்டம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம்.

“அத்தா வரவே மாட்டாங்களாக்கா?” என்று கேட்டாள். எட்டு வயசுப் பிள்ளை, அழக்கூட இல்லை.

மறுநாள் அம்மா அத்தாவுக்கு எழுதிய கடிதத்தின் அடியில் நானும் ஒரு வரி எழுதினேன்: “ரஹ்மத் நாலு நிமிஷம் ஐம்பது நொடியில் முடித்துவிட்டாள்.” அம்மா பார்க்குமுன் உறையை ஒட்டிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அத்தா வந்து இறங்கினார். ரஹ்மத்தின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எனக்குச் சந்தோஷத்தில் பாதி பயம். எங்கே ஓட்டிக் காட்டச் சொல்வாரோ என்று பெட்டியில் செருகும் அந்த விமானக் கேம் கேசட்டை அரிசி அண்டாவுக்குள் புதைத்து வைத்து, கெட்டுப்போய்விட்டது என்றேன். அத்தா தலையாட்டியதோடு சரி. என் பொய்தான் அவரை விமானத்தில் ஏற்றியது என்ற பெருமையும் குற்ற உணர்வும் பல வருடம் என்னோடு இருந்தன.

இப்போது எங்கள் வீட்டுச் சபுராளி ரஹ்மத்; கனடாவில் இருக்கிறாள். போன வருடம் பழைய கேம்கள் எல்லாம் அடங்கிய உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றை அனுப்பினாள். அதன் அமைப்புகளைத் துழாவியபோது ஓர் இடத்தில், இந்தக் கேமின் படம் அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 240 வரி என்று போட்டு, நொடிக்கு ஐம்பது படமா அறுபது படமா என்று கேட்டது. இரண்டையும் போட்டு, செல்போனில் நேரம் பார்த்தேன். அறுபதில் ஐந்து நிமிஷம். ஐம்பதில் ஆறு.

விஷயம் இவ்வளவுதான். அத்தாவின் ரூமில் இருந்தது நொடிக்கு அறுபது படம் காட்டும் பெட்டி. நம் ஊர் டி.வி.க்கு ஐம்பதுதான் கணக்கு என்பதால் கடைக்காரர் எங்களுக்கு ஐம்பதைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி வைக்கும் விமானம் எங்கள் வீட்டில் நிதானமாக நடந்திருக்கிறது. நம் டி.வி.க்கு வரிகளும் அதிகம். கேமின் 240 வரி போக மிஞ்சிய இடம்தான் “கரை”. மேட்டூருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அந்த டி.வி. பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது, கலியமூர்த்தியும் இல்லை. சபுராளி என்று சொன்னால் என் மகளுக்கு அர்த்தம் தெரியவில்லை. நல்லவேளையாக அத்தா இருக்கிறார். ஓடிப்போய், தப்பு எங்கள் மேல் இல்லை, பெட்டியே மெதுவான பெட்டி என்று வெற்றியோடு சொன்னேன். அப்படியே பழைய பொய்யையும் ஒப்புக்கொண்டேன். அத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது தானா போற ப்ளேன் புள்ள. நீ எந்தப் பொத்தானை அமுக்குனாலும் அது போற நேரத்துலதான் போகும். யாராலயும் முந்த முடியாதுன்னு தெரிஞ்சுதான் அப்படி எழுதுனேன். லீவு கெடைக்காதுன்னு எழுத மனசு வரல.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “நாலு அம்பதுன்னு நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். புள்ளைங்க பொய் சொல்லிக் கூப்புடுதுங்களேன்னு, அன்னிக்கே போயி வேலைய விட்டுர்றேன்னு சொன்னேன். அப்பறந்தான் லீவு குடுத்தாங்க.”

எனக்கு அழுகை வந்தது. அத்தா ரஹ்மத்துக்கு போன் போடச் சொன்னார்.