வாசலில் வைத்த மாவு

வீடு காட்டுவதுதான் என் பிழைப்பு. தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து இந்த மெக்னெஸ் நகரத்தில் சாவிக்கொத்தோடு அலைகிறேன். வெளியூரிலிருந்து குடிவருகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஆண்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். பெண்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். கூட வரும் மாமியார்கள் என்னை முறைத்துப் பார்ப்பார்கள். யம்னா ஒருத்திதான் வீட்டையே பார்க்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் என் தொழிலில் சந்தித்தவர்களில் யாரைப் பற்றியாவது சொல்லச் சொன்னால் அவளைப் பற்றித்தான் சொல்வேன்.

யம்னா கிழக்கு எல்லையில் இருக்கும் ஃபிகிக் ஊர்க்காரி. பேரீச்சந்தோப்பு நடுவே பிறந்தவள். கணவன் புஜ்மா சரக்கு ரயில் ஓட்டுபவன். வண்டியில் ஏறினால் இரண்டு நாள் கழித்துத்தான் இறங்குவான். ரயில்காரனைக் கட்டிக்கொண்டவள் ஊர் ஊராகப் பெட்டி கட்டத்தானே வேண்டும்! கல்யாணமான புதிதில் உஜ்தா, அப்புறம் கடற்கரைப் பக்கம் ஒரு நகரம், இப்போது மெக்னெஸ். புஜ்மாவின் சித்தப்பா மகன் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டு வீடு தேடினார்கள். ஐந்து வயதில் தய்யிப் என்று ஒரு மகன். வயிற்றில் ஆறு மாதம். "நான் வண்டியில இருப்பேன், நீயே பாத்து முடிச்சிரு" என்று புஜ்மா பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு இன்ஜினில் ஏறிவிட்டான். அவள் என் தலையில் ஏறினாள்.

முதலில் புதுநகரத்தில் ஒரு வீடு காட்டினேன். மூன்றாவது மாடி, பளிங்குத் தரை, லிஃப்ட், அடுக்களையில் காலை வெயில். நானே குடியிருக்க ஆசைப்பட்ட வீடு. அவள் கட்டடத்து வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அண்ணே, இங்க ரொட்டி அடுப்பு எந்தப் பக்கம்?"

"அடுப்பா? தெரு அடுப்பைக் கேக்குறியா? அதெல்லாம் பழைய நகரத்துல தங்கச்சி. இங்க கீழ கடையிலயே சுடச்சுட விக்குது."

"ரெண்டாவது மாடியில யார் இருக்காங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மூணாவது மாடிக்காரங்களுக்குத் தெரியுமா?"

இவளுக்கு வீடு வேண்டுமா, ஜனத்தொகைக் கணக்கு வேண்டுமா என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"தய்யிப் பொறந்தப்போ இதே மாதிரி பளிங்கு வீடுதான் அண்ணே. அவரு வண்டியில போயிட்டாரு. திடீர்னு வலி எடுத்துச்சு. சுவத்தைப் புடிச்சுக்கிட்டே வந்து நாலு கதவைத் தட்டினேன். உள்ள டிவி ஓடுற சத்தம் கேக்குது. ஒருத்தரும் திறக்கல. படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். பால் ஊத்த வந்த ஆளுதான் பாத்துட்டு வண்டி கூப்பிட்டாரு. அவங்க கெட்டவங்க இல்லண்ணே. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. வீடு எப்படி இருந்தாலும் சரி."

இதைக் கேட்டபின் ஒருவனால் பளிங்குத் தரையைப் பற்றிப் பேச முடியுமா? நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சரி தங்கச்சி. ஆனா அக்கம்பக்கம் எப்படின்னு நான் சாவி போட்டுத் திறந்து காட்ட முடியாதே."

"நான் பாத்துக்கிறேன். நாளைக்கு நீங்க சாவி கொண்டு வாங்க. நான் மாவு கொண்டு வரேன்."

பழைய நகரத்துப் பெண்கள் காலையில் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, நடுவில் தங்கள் வீட்டு அடையாளத்தை அழுத்தி, பலகையில் அடுக்கி, துணி போட்டு மூடி வாசலில் வைத்துவிடுவார்கள். அந்த வழியே போகிறவர் யாராக இருந்தாலும், மந்திரியாகவே இருந்தாலும், எடுத்துக்கொண்டுபோய்த் தெருவுக்கே பொதுவான ரொட்டி அடுப்பில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெந்த ரொட்டியும் அப்படியே யார் கையிலாவது வாசலுக்குத் திரும்பி வரும். எவரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மாவு கிடக்கிறது, கை சும்மா இருக்கிறது, எடுத்துப் போகிறார்கள். யம்னா கண்டுபிடித்த வழி இதுதான். காலி வீட்டு வாசலில் பலகையை வைப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவாள். அப்புறம் தெரு என்ன செய்கிறது என்று பார்ப்பாள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிப் பெண் சுமக்கலாமா? அந்த மாவுப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரின் பாதியை நடந்து கடந்தவன் நான். கறிக்கடைக்காரன் ஒருவன், "என்ன மெக்கி, வீட்டுத் தரகு போய் ரொட்டித் தரகா?" என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

முதல் தெருவில் மாவு பொங்கி, துணியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. எடுக்க ஆளில்லை, போகிறவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். இரண்டாவது தெருவில் ஓர் அருமையான வீடு. நடுமுற்றம், நீரூற்று, எலுமிச்சை மரம். மாவு வைத்த கொஞ்ச நேரத்தில் யாரோ எடுத்துப் போனார்கள். வெந்த ரொட்டி சரியாகப் பகல் சாப்பாட்டு வேளைக்கு வாசலுக்கு வந்துவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன்.

"முடிஞ்சுது! ஒப்பந்தம் எழுதிரலாமா?"

அவள் கதவைத் திறந்து ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா வெந்திருக்குண்ணே. ஆனா வச்சவங்க கதவைத் தட்டலையே. பூட்டிக் கிடந்த வீட்டுல புதுசா யாருன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையே."

எலுமிச்சை மரத்தை நான் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இப்படியே நாட்கள் ஓடின. அவள் வயிறு வளர்ந்தது, என் கழுத்து குறுகியது. என் மனைவி ஸுஹூர் ராத்திரி எனக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு விவரமான பொண்ணு. உங்களை நம்பி நான் இந்த வீட்டுக்கு வந்தேனே, நான்தான் மண்டு" என்றாள்.

கையில் இருந்த சாவிகளில் மிஞ்சியது சல்லடைக்காரர் சந்து வீடு ஒன்றுதான். அதைக் காட்டவே எனக்கு வெட்கம். மாடிப்படி ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறும் அகலம். அடுக்களையில் பூனை திரும்ப வேண்டுமென்றால் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் வாசலில் பலகையை வைத்துவிட்டு, யம்னாவும் தய்யிப்பும் நானும் வெறும் தரையில் உட்கார்ந்தோம்.

காலடிச் சத்தம் ஒன்று வந்து நின்றது. கதவின் விரிசல் வழியே பார்த்தேன். கோட்டு, டை, கக்கத்தில் ஒரு தோல்பை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் அய்யாஷி என்று பிற்பாடு தெரிந்தது. மூடிய கதவைப் பார்த்து அவர் கத்த ஆரம்பித்தார்.

"யாரு வீட்டு மாவுய்யா இது? வெயில் ஏறுது, அப்படியே போட்டிருக்கீங்க! எனக்கு இருக்கிற அவசரத்துல இது வேறயா! இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் கெடைச்சேனா!"

திட்டி முடித்ததும் தோல்பையைப் பல்லில் கவ்வி, பலகையை இரண்டு கையிலும் ஏந்திப் போய்விட்டார். யம்னா முதல் முறையாகச் சிரித்தாள்.

"திட்டுறாரு அண்ணே! நம்மளைத் திட்டுறாரு!"

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லியும் ரொட்டி வரவில்லை. தய்யிப் பசியில் சிணுங்கினான். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ரொட்டி போகும் வாசனை வந்தது. எங்களுக்கு வரவில்லை. யம்னாவின் முகம் வாடிக்கொண்டே போனது. சாயங்கால அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"விடுங்கண்ணே. உங்களையும் படுத்திட்டேன். அந்தப் பளிங்கு வீட்டையே எடுத்துக்கிறேன்."

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுப்புக்காரன் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று கதவை நோக்கிப் போனேன். அதற்குள் வெளியிலிருந்து கதவு இடிபட்டது. ஒரு கை இல்லை, பல கைகள்.

திறந்தால் சந்தே வாசலில் நிற்கிறது. முன்னால் லல்லா தாஹ்ரா, எதிர்வீட்டுக்காரி, ஆறடி உயரம். கையில் ஆவி பறக்கும் மண்சட்டி. கோழி, ஒலிவக்காய், ஊறுகாய் எலுமிச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. பின்னால் ஒருத்தி பால் செம்போடு, ஒருத்தி நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்போடு, ஒருத்தி புதினாக் கட்டோடு. கடைசியில் அடுப்புக்கார ஹம்மாதி, எங்கள் ரொட்டிப் பலகையோடு, தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

"மன்னிச்சிரும்மா!" என்றாள் லல்லா தாஹ்ரா. "மானம் போச்சு எங்களுக்கு! நீ குடி வந்தது இந்தச் சந்துல ஒரு நாய்க்குக் கூடத் தெரியலை. இந்த அய்யாஷி மாவைக் கொடுத்துட்டு எந்த வீடுன்னு சொல்லாமலே கோர்ட்டுக்கு ஓடிட்டாரு. ரொட்டி நடுவுல மூணு பேரீச்சங்கொட்டை அடையாளம். எங்க யாரோட அடையாளமும் இல்லை. வீடு வீடா கேட்டாச்சு. அப்பதான் உறைச்சுது, பூட்டின வீட்டுல ஆள் வந்திருச்சுன்னு! புதுசா வந்தவ முதல் நாளே தானே மாவு பிசையுற மாதிரி விட்டுட்டோமே! வெறும் ரொட்டியை எந்த மூஞ்சியோட கொண்டு வர்றது? அதான் கோழி அறுத்து ஆக்கிக் கொண்டு வர நேரமாயிருச்சு."

எங்கள் நாட்டில் புதிதாகக் குடிவந்தவர் வீட்டில் முதல் நாள் அடுப்பு எரிந்தால் அது அக்கம்பக்கத்துக்குத் தலைகுனிவு. இவர்கள் பகல் முழுக்க அந்த வெட்கத்தில்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

லல்லா தாஹ்ரா உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் தரை, வெறும் சுவர். "சாமானெல்லாம் எங்கம்மா?" அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். யம்னாவின் வயிற்றைப் பார்த்தாள். "இவருதான் வீட்டுக்காரரா? வயசு கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை, மனசு நல்லா இருந்தா சரி."

"ஐயோ, நான் தரகன்!" என்று அலறினேன்.

யம்னா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் கலந்து வந்தது. லல்லா தாஹ்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமான் வந்துக்கிட்டே இருக்கு அக்கா" என்றாள்.

அன்று அந்த வெறும் தரையில் உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட சாப்பாட்டை என் கல்யாணத்தில்கூட நான் சாப்பிடவில்லை. இன்றைக்கும் அந்தச் சந்துக்குள் போனால், "என்ன மாப்பிள்ளை, சாமான் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள்.

மறுநாள் புஜ்மா கரியும் எண்ணெயுமாக வந்து வீட்டைப் பார்த்தான். அடுக்களையில் நுழைந்து தோளை இடித்துக்கொண்டான்.

"இதுக்கா இத்தனை நாள் தேடின? என் இன்ஜின்ல இதைவிட இடம் இருக்கு!"

"உங்க இன்ஜின்ல லல்லா தாஹ்ரா இருக்காங்களா?" என்றாள் யம்னா. அவன் தோளைத் தடவிக்கொண்டே வண்டி பிடிக்கப் போனான். சாமான் நிஜமாகவே வந்து இறங்கியது.

அதன்பிறகு தினமும் காலையில் யம்னா பலகையை வாசலில் வைப்பாள். தினமும் அய்யாஷி திட்டிக்கொண்டே எடுத்துப் போவார். ஒரு நாள் அவர் வரும்போது பலகை இல்லை. போய்விட வேண்டியதுதானே? மனிதர் போகவில்லை. நின்று கதவைத் தட்டியிருக்கிறார்.

"ஏம்மா, மாவு எங்க? என் மேல ஏதும் கோபமா? நான் சும்மா வாய்க்குத்தான் திட்டுறது!"

உள்ளே சத்தமில்லை. பிறகு தய்யிப் கதவைத் திறந்து, "அம்மா மாடியில தரையில உக்காந்திருக்கு. எந்திரிக்க முடியலையாம்" என்றான். புஜ்மா அப்போது கோதுமை ஏற்றிய வண்டியோடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். அய்யாஷி தோல்பையை நடுத்தெருவில் போட்டுவிட்டு, டை தோளில் பறக்க, "தாஹ்ரா! தாஹ்ரா!" என்று சந்து முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாராம். நிமிஷத்தில் அந்தச் சின்ன வீடு நிறைந்துவிட்டது. படிக்கட்டில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நின்று வெந்நீரைக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள். ஹம்மாதி அடுப்பில் அன்றைய முதல் ரொட்டி வேகும் முன்பே மருத்துவச்சி வந்தாகிவிட்டது, பெண் குழந்தையும் பிறந்தாகிவிட்டது. பெண்களின் குலவைச் சத்தம் எங்கள் கடைத்தெரு வரை கேட்டது. என்னவென்று தெரியாமலே நானும் ஓடினேன்.

நான் போனபோது அய்யாஷி அறை வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உள்ளே படுத்திருந்தவளைத் திட்டிக்கொண்டிருந்தார். கன்னம் முழுக்கக் கண்ணீர்.

"உனக்கு அறிவு இருக்கா? விடிஞ்சதுலேருந்து வலியாம்! ஒரு குரல் கொடுத்தா என்ன? ஒரு கதவைத் தட்டினா என்ன? இத்தனை வீடு இருக்கே!"

உள்ளேயிருந்து யம்னாவின் குரல் களைப்பாக, சிரிப்போடு வந்தது.

"தட்டணும்னுதான் எந்திரிக்கப் பாத்தேன் அண்ணே. அதுக்குள்ள நீங்க வந்து என் கதவைத் தட்டிட்டீங்க."