ஆயுத பூஜையன்று திறந்திருந்த சந்தை

போன தசராவின்போது, மைசூர் மண்டி மொஹல்லாவில் என் தம்பியின் கடையில் நடந்தது இது. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு பொழுது போகவேண்டுமே என்று பங்குச் சந்தையில் இறங்கினேன். பொழுது போனது. கொஞ்சம் பணமும் வந்தது. கூடவே, நமக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். தம்பி அதிகம் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே மைசூருக்கு வந்து, ஒரு சந்துக்குள் ஸ்கூட்டர், பைக் பழுது பார்க்கும் கடை போட்டான். வாடகை இடம்தான். சென்ற வருடம் கட்டிடச் சொந்தக்காரர் அந்த இடத்தை விற்பதாக முடிவு செய்து, நல்ல மனதோடு முதலில் தம்பியைக் கேட்டார். தசரா முடிந்த மறு வாரம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினால் இடம் தம்பிக்கு. இல்லாவிட்டால் ஒரு மொபைல் கடைக்காரர் தயாராகக் காத்திருந்தார். தம்பி ஊரில் இருந்த தன் பங்கு நிலத்தை விற்றான். அவன் மனைவி ஏலச்சீட்டை எடுத்தாள். முன்பணம் சேர்ந்துவிட்டது.

அந்தப் பணம் ஒப்பந்த நாள் வரும்வரை வங்கியில் சும்மா கிடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என்னிடம் கொடு, பத்திரச் செலவையாவது சம்பாதித்துத் தருகிறேன் என்று நானாகவே கேட்டேன்.

"எனக்கு அந்த சமாச்சாரமெல்லாம் கொத்தில்லீங்கண்ணா. போட்டது போயிராதுங்களே?" என்றான் தம்பி. கொத்தில்லை என்றால் கன்னடத்தில் தெரியாது என்று அர்த்தம்.

"நான் கண்ணை மூடிக்கிட்டு விளையாடறவன் இல்லைடா," என்றேன்.

அது பொய்யில்லை. அப்போது என் முறை அப்படித்தான் இருந்தது. சந்தை எந்தெந்த நாள் மூடியிருக்கும், ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை என்று அறிவிக்கும், விலைவாசிப் புள்ளிவிவரம் என்று வரும், அமெரிக்காவில் வேலைவாய்ப்புக் கணக்கு என்று வரும், எல்லாவற்றையும் மாதத் தொடக்கத்திலேயே குறித்துவைத்துக்கொள்வேன். பெரிய செய்தி வரும் நாளுக்கு முன் கையில் எதையும் வைத்திருக்கமாட்டேன். விடுமுறைக்கு முன்னும் அப்படியே. நாம் தூங்கும்போது உலகம் தூங்குவதில்லை, மூடிய சந்தை திறக்கும்போது எந்த விலையில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் ஒரு வகுப்பு மாதிரியே நடத்தினேன். செய்திக்கு முன்னும் லீவுக்கு முன்னும் உங்கள் பணம் பத்திரமாக வெளியே வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். தம்பி மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

முதல் இரண்டு வாரம் சொன்னபடி நடந்தது. சின்னச் சின்ன லாபம். ஒவ்வொரு தடவையும் தம்பிக்குப் போன் செய்து சொல்வேன். அவன் மகிழ்ச்சியைவிட என் பெருமைதான் எனக்கு இனித்தது.

அந்த வருடம் ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு ஆயுத பூஜையன்று வந்தது. மறுநாள் விஜயதசமி, சந்தை விடுமுறை. மைசூரில் ஆயுத பூஜையன்றும் வங்கி, அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும். ஆனால் சந்தை மும்பைக் கணக்குப்படி நடப்பது. அன்று அது திறந்திருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அதற்கு முந்தின நாள் என் கையில் ஒரு வியாபாரம் இருந்தது. வங்கிப் பங்குகளின் குறியீடு இன்ன அளவுக்கு மேல் போகாது என்று பந்தயம் கட்டிப் பணம் வாங்கியிருந்தேன். போகாவிட்டால் வாங்கிய பணம் நம்முடையது. போய்விட்டால் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நம் கையிலிருந்து. சாயங்காலம் பார்த்தபோது கொஞ்சம் நஷ்டத்தில் நின்றது. என் சட்டப்படி அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு வெளியேறியிருக்கவேண்டும். தம்பியிடம் இந்த முறை நஷ்டம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வட்டி குறையப்போவதில்லை, சந்தை ஏமாந்து இறங்கும், நடுவில் ஒரு விடுமுறையும் வருவதால் பந்தயக் கெடுவுக்குள் சந்தை ஏற நாள் குறைவு, அது நமக்கே லாபம் என்று எனக்கு நானே பாடம் நடத்தி, அப்படியே விட்டுவிட்டேன். நஷ்டம் மிஞ்சினால் தானாகக் கணக்கை முடித்துவிடும் ஆர்டர் ஒன்று உண்டு. அது அன்றன்றைக்குத்தான் செல்லும். காலையில் சந்தை திறந்ததும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை லேப்டாப் பையோடு தம்பி கடைக்குப் போனேன். பூஜை சீக்கிரம் முடிந்துவிடும், முடிந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆர்டரைப் போடலாம் என்று எண்ணம். ஆனால் அர்ச்சகர் அந்தத் தெருக் கடைகளை வரிசையாக முடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கடைக்கு வரும்போது ஏறக்குறைய பத்து மணி ஆகிவிட்டது. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் நேரம். அதுவரை, தம்பி எட்டிப் பார்த்துப் பணம் உள்ளே இருப்பதைக் கண்டுவிடுவானோ என்று எதையும் திறக்காமல் தள்ளிப்போட்டிருந்தேன்.

ஸ்பேனர்களையும் ஜாக்கியையும் துடைத்து, புது வேட்டி விரித்து அடுக்கியிருந்தார்கள். பழுதுக்கு வந்த வண்டிகளுக்குக்கூட மாலை. தம்பி மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அந்தப் பொட்டியையும் குடுங்க. எங்க பணத்தைக் காப்பாத்தற ஆயுதம் அதுதானுங்களே."

"சார் ஆயுதத்துல மட்டும் கிரீஸ் ஒட்டாது," என்றான் கடையில் வேலை பார்க்கும் மெக்கானிக் பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ வருசமெல்லாம் கிரீஸ் பூசிச் சம்பாதிக்கறதை எங்கண்ணன் காத்தால ஒரு மணி நேரத்துல சம்பாதிச்சுப் போடுவாருடா, தெரிஞ்சுக்க," என்றான் தம்பி.

நான் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சாமந்திப் பூவையும் வைத்தாள். பிறகு போனுக்கும் கை நீட்டினாள்.

"அதுவுமாம்மா?"

"அதுலயுந்தானே மாமா பாக்கறீங்க? நாளைக்குக் காத்தால வரைக்கும் ஆரும் ஒண்ணுந் தொடப்படாது. இன்னைக்கு உங்க மார்க்கெட்டுக்கும் ரஜாதானுங்களே? பேங்கே பூட்டிக் கெடக்குதே."

ரஜா என்றால் கன்னடத்தில் விடுமுறை. இல்லையம்மா, இன்று சந்தை உண்டு, உங்கள் பணம் உள்ளே இருக்கிறது, ஐந்து நிமிடம் கொடு என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அப்படிச் சொன்னால், செய்திக்கு முன் வெளியே எடுத்துவிடுவேன் என்று கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று தம்பி கேட்பான். அத்தனை பேர் எதிரில், அவன் என்னைப் புகழ்ந்த வாய் மூடுவதற்குள், அதற்கு என்ன பதில் சொல்வது?

நான் தலையாட்டினேன். போனை அவள் கையில் வைத்தேன்.

அதன் பிறகு நடந்த பூஜை எதுவும் என் கண்ணில் படவில்லை. கற்பூரம் காட்டினார்கள். வாசலில் பூசணிக்காயை உடைத்தார்கள். கையில் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். நான் மென்றுகொண்டே பூவுக்கு அடியில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். மதியம் தம்பி வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. தம்பி மனைவி பாயசத்தை இரண்டாம் தடவை ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

சாப்பிட்ட பிறகும் பொறுக்க முடியாமல், பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் பேசவேண்டும் என்று இன்னொரு பொய் சொல்லிப் போனைக் கேட்டேன். தம்பி மனைவி என்னோடு கடைக்கு வந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு, தானே எடுத்துக் குங்குமத்தைத் துடைத்துக் கொடுத்தாள். கடைக்குப் பின்னால் டயர்கள் குவிந்திருந்த இடத்தில் நின்று பார்த்தேன்.

நான் நினைத்ததில் பாதி சரி. வட்டியைக் குறைக்கவில்லை. ஆனால் அறிவிப்பில் வங்கிகளுக்குச் சாதகமாக வேறு பல விஷயங்கள் இருந்தன. குறியீடு காலையிலிருந்து ஏறி, ஏறின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கணக்கை முடித்தேன். தம்பியின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கும் மிஞ்சவில்லை.

"பாப்பா நல்லா இருக்குதுங்களா மாமா?" என்று தம்பி மனைவி கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

மறுநாள் ஊரே தசரா யானை ஊர்வலமான ஜம்பு சவாரியைப் பார்க்கக் கிளம்பியது. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று நினைக்காதீர்கள். திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன செய்தி வருகிறது, ஒப்பந்த நாளுக்குள் சந்தை எத்தனை நாள் திறந்திருக்கும், மிஞ்சியதை எதில் போட்டால் விட்டதைப் பிடிக்கலாம் என்று தாள் தாளாக எழுதினேன். பிடித்துவிட்டால் தம்பிக்கு எதுவும் தெரியவே வேண்டாம் அல்லவா? அன்று சந்தை மட்டும் திறந்திருந்தால் மீதியையும் நான் தொலைத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், விஜயதசமி விடுமுறைதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

மத்தியானத்துக்கு மேல், எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பட்டது. அந்தத் தாள்களில் தம்பி எங்கும் இல்லை. நான் எப்படித் தலை நிமிர்வது என்பதுதான் எல்லாத் தாளிலும் இருந்தது. எழுந்து சட்டை போட்டுக்கொண்டேன். ஊர்வலத்துக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள், ஆட்டோ வராது. கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்தேன். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தேன். திரும்பிவிடவேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

தம்பி வீட்டில் இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை.

தம்பி எழுந்து போய் ஜன்னலோரம் நின்றான். "படிச்சவருன்னுதானுங்கண்ணா குடுத்தேன்," என்றான். "மெக்கானிக் பையன் ஒரு போல்ட்டை விட்டுட்டா அவனை என்ன பேச்சுப் பேசுவேன் தெரியுமா? உங்களை என்னன்னு பேசறது?"

அவன் மனைவி பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நான் கேட்டனே மாமா. ரஜாதானுங்களேன்னு வாயத் தொறந்து கேட்டனே. இல்லீம்மான்னு சொல்லியிருந்தா சாமி முன்னாலிருந்து நானே எடுத்துக் குடுத்திருக்க மாட்டனா?"

கடை உங்களுக்குத்தான், அதை நான் முடித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சந்தையில் இனி ஒரு ரூபாய் போடமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. நம்பவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சந்தை திறந்த அன்று என் பங்குகள் அத்தனையையும், வந்த விலைக்கு விற்றேன். வைத்தியத்துக்கென்று போட்டிருந்த டெபாசிட்டை உடைத்தேன். காரையும் கொடுத்துவிட்டேன். இன்னும் பெரிய பள்ளம் இருந்தது. தம்பியை அழைத்துக்கொண்டு கட்டிடக்காரரிடம் போய், பணத்தைத் தொலைத்தவன் நான், இவன் அல்ல என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாடம் சொல்லிக்கொடுத்த மேஷ்ட்ரு நீங்கள். நீங்களே இப்படியா?" என்றார். பிறகு, "தீபாவளிவரெகூ டைம் கொட்தீனி. ஆமேலே கேளபேடி," என்றார். தீபாவளி வரை அவகாசம், அதற்கு மேல் கேட்கவேண்டாம் என்று அர்த்தம்.

மைசூரில் வீட்டை லீசுக்கு விடும் வழக்கம் உண்டு. மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ளவேண்டும். நானும் மனைவியும் கட்டிய வீட்டை அப்படி லீசுக்கு விட்டேன். மகள் பெங்களூரிலிருந்து வந்து சண்டை போட்டாள்: "அம்மா இருந்த வீடுப்பா!" அம்மா இருந்திருந்தால் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள் என்றேன். மகளும் சாமான் கட்ட உதவினாள்.

தீபாவளிக்கு முன்பே ஒப்பந்தம் எழுதினோம். தம்பி கையெழுத்துப் போடும்போது நான் சாட்சியாக நிற்கவில்லை. வெளியே மரத்தடியில் நின்றேன். அவன் வெளியே வந்து, "வாங்கண்ணா, காபி குடிக்கலாம்," என்றான். அவ்வளவுதான் பேசினான். முன்போல அவன் என்னிடம் இன்னும் பேசுவதில்லை. அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமையும் இல்லை.

இப்போது ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். காலையிலும் மாலையிலும் பி.காம். மாணவர்களுக்குப் பொருளாதாரம் டியூஷன் எடுக்கிறேன். லீசுத் தொகையைக் காலம் முடிவதற்குள் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருக்கிறேன். கால் வலிக்கும் நாளிலும் வகுப்பை நிறுத்துவதில்லை. இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அன்று ஒரு நொடி போதுமாயிருந்தது. சொல்லாமல் விட்டதற்கு மிச்சமிருக்கும் வருடங்கள் அத்தனையும் உழைக்கவேண்டியிருக்கிறது, உழைக்கிறேன்.