நூற்றொரு பாகை

மயிர் போன்ற கண்ணாடிக் குழாயின் ஒரு நுனியை ஸ்பிரிட் விளக்குச் சுடரில் காட்டி மூடுகிறாள் முஃபீதா. மறு நுனியைத் தூளில் குத்தி, குழாயை நிமிர்த்தி மேசையில் தட்டுகிறாள். தூள் அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் குழாயை வெப்பமானியோடு சேர்த்து நூலால் கட்டி, முகவை என்ற கண்ணாடிக் குவளையில் சூடேறும் தேங்காய் எண்ணெய்க்குள் இறக்குகிறாள். அந்த வாசனைக்கு வகுப்பறைகளில் இருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். "மிஸ், வடையா?" என்று கேட்காத பிள்ளை தில்லையடிப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சேரவில்லை.

ஆய்வுகூட உதவியாளர் என்பது அவளுடைய பதவி. வேலை அலுமாரியைத் துடைப்பது, குழாய்களைக் கழுவுவது. உருகுநிலை பார்ப்பது அவளாகத் தேடிக்கொண்ட வேலை. புதிதாக வரும் எந்தப் போத்தலானாலும் ஒரு சிட்டிகை உருக்கிப் பார்த்த பிறகுதான் அலுமாரித் தட்டில் ஏறும். "பேர நம்பாதீங்க, உருக்கிப் பாருங்க" என்பாள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றி மன்னாரிலிருந்து வந்தபோது அவள் ஏ.எல்., அதாவது உயர்தர வகுப்பு மாணவி. இரசாயனவியல் பரீட்சை எழுதக் கொடுத்துவைக்கவில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதை யாரும் பார்த்ததில்லை, பாடத்தை மட்டும் விடவில்லை.

மனிதர்களையும் அவள் பாகையில்தான் அளப்பாள். விளையாட்டுக்குப் பொறுப்பான லாபிர் சேர் மெழுகு, நாற்பது சொச்சத்தில் உருகிவிடுவார். அதிபர் ஜபார் சேர் எந்தச் சூட்டிலும் உருகவே மாட்டார், நேரே கருகித்தான் போவார். தன்னைப் பற்றிக் கேட்டால், "எனக்குச் சீனி வருத்தம், நான் பாணியாகிப் பல வருஷம்" என்பாள். நீரிழிவுக்கு மருந்து ஒழுங்கு, சாப்பாடு ஒழுங்கு. பெருநாளுக்குச் செய்யும் இனிப்பு வட்டிலப்பத்தைக்கூட மணந்து பார்த்துவிட்டு நகர்த்திவிடுவாள்.

அவளுடைய அலுமாரியில் ஒரு போத்தலிலும் தாள் ஒட்டியிருக்காது. குழாய் அறுக்கும் சின்ன அரத்தால் கண்ணாடியிலேயே பெயரைக் கீறி வைத்திருக்கிறாள். முன்பு அப்படியில்லை. யுத்தம் முடிந்து நாலாம் வருடத்து விளையாட்டுப் போட்டிதான் அவளுடைய கையில் அரத்தைக் கொடுத்தது.

போட்டிக்கு முதல் நாள், களிம்பேறிய வெற்றிக் கிண்ணங்களை ஒட்சாலிக் அமிலம் போட்டு மினுக்கினாள். உள்ளே போனால் ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு அது. மிச்சத்தை வெறும் ஜாம் போத்தலில் கொட்டி, கோதுமை மாப் பசையில் பெயர் எழுதிய தாளை ஒட்டித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் அதே மாதிரி ஜாம் போத்தலில் சித்திரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு. ஓடுகிற பிள்ளைகளின் சர்பத்துக்கு வருடா வருடம் அதிலிருந்துதான் அள்ளிக் கொடுப்பாள். சட்டம் அதற்கு இடம் கொடுக்காது, வழக்கம் கொடுத்திருந்தது.

இராத்திரியில் கரப்பான்களுக்கு மாப் பசை விருந்தாகிவிட்டது. காலையில் அவள் கிண்ணங்களைச் சுமந்துகொண்டு மைதானத்துக்குப் போன நேரம் பார்த்து லாபிர் சேர் வந்து, வழமையான தட்டில் கைக்கு எட்டிய போத்தலை எடுத்துப் போய்ச் சர்பத்துக்கான தண்ணீர்ப் பரலில் கொட்டிக் கலக்கிவிட்டார். முஃபீதா திரும்பி வந்தபோது தட்டில் ஒரு போத்தல் நின்றது, கீழே இரண்டு தாள்கள் கிடந்தன. எந்தத் தாள் எந்தப் போத்தலுக்கு?

அவள் ஓடியதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பரலை அடைவதற்குள் மரதன் ஓட்டம் ஓடி வந்த பதினொரு பிள்ளைகள் ஆளுக்கொரு கோப்பை குடித்து முடித்திருந்தார்கள். லாபிர் சேர் அதே இடத்தில் உருகினார். பிள்ளைகளை வேனில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இனி யாரும் தொடக் கூடாது என்று பரலின் அருகே லாபிர் சேரைக் காவல் நிறுத்திவிட்டு, வெறும் போத்தலோடு ஆய்வுகூடத்துக்கு வந்தாள். அதன் அடியில் ஒரு நகக்கண் அளவு தூள் ஒட்டியிருந்தது.

இரண்டு குழாய்களில் நிரப்பினாள். பிள்ளைகள் குடித்த தூளுக்குச் சிவப்பு நூல், தட்டில் மிஞ்சிய தூளுக்கு வெள்ளை நூல். இரண்டையும் ஒரே வெப்பமானியில் கட்டி எண்ணெயில் இறக்கினாள். நஞ்சு என்றால் நூற்றொரு பாகையில் உருகும். எலுமிச்சை உப்பு என்றால் நூற்றைம்பத்து மூன்று வரை அசையாது.

தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஜபார் சேர் வந்து நின்றார். பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் குடித்தது என்ன என்று டொக்டர் கேட்கிறார் என்றார். தொண்ணூறு தாண்டியதும் முஃபீதா விளக்கைப் பின்னுக்கு இழுத்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மிஸ் நெருப்பக் குறைக்கிற? அங்க பதினொரு புள்ளைகள்."

"அவசரப்பட்டு எரிச்சா வெப்பமானி பொய் சொல்லும் சேர். எனக்கும் அந்தப் புள்ளைகள்தான்."

தொண்ணூற்றெட்டு. நூறு. அவளுடைய உதடு ஸலவாத்து ஓதியது, கண் குழாயை விடவில்லை. நூற்றொன்றில் ஒரு குழாயில் இருந்த தூள் நனைந்து, சரிந்து, தண்ணீரானது. ஜபார் சேர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ள நூல் சேர், தட்டில மிஞ்சினது" என்றாள் முஃபீதா.

சிவப்பு நூல் குழாயில் தூள் தூளாகவே நின்றது. டொக்டரிடம் சொல்லவா என்று அவர் கேட்டதற்கு இன்னும் இல்லை என்று தலையாட்டினாள். நூற்றைம்பத்து மூன்றில் அதுவும் உருகி ஓடிய பிறகுதான் கதிரையைத் தேடி உட்கார்ந்து, "எலுமிச்ச உப்புத்தான். சொல்லுங்க" என்றாள். அதிபர் தொலைபேசியில் டொக்டரிடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னார். கருகுவார் என்று அவள் கணக்குப் போட்டிருந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் நெஞ்சு நிறையச் சொன்னாள்.

டொக்டர் பார்த்து அனுப்பிய பதினொரு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் மீன் அடைத்த மாலு பாண் வாங்கித் தின்றுவிட்டு, வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். தாகம் என்றார்கள். ஆனால் பரலை ஒருவரும் நெருங்கவில்லை. ஆசிரியர்களும் ஒதுங்கி நின்றார்கள். லாபிர் சேர் பரலைச் சரித்து ஊற்றிவிடப் போனார்.

முஃபீதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் கையில் இருந்த கோப்பையை வாங்கி, சீனி கரைந்து தடித்த சர்பத்தை விளிம்பு வரை மொண்டு, எல்லோரும் பார்க்க ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மொண்டு கொடுக்க வெறும் கோப்பையை லாபிர் சேரிடமே திருப்பி நீட்டினாள்.