அரைச் சுற்று அதிகம்

தொண்ணூறுகளின் நடுவில் கல்கத்தாவில் ஒரு ரைபிள் கிளப்பில் நானும் அவளும் சேர்ந்து பயிற்சி செய்தோம். என் வீடு கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ். அவள் லேக் மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், மூன்று வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிளப்பின் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம்.

மாநில டீமுக்கான தேர்வுக்கு முந்தின நாள் அவள் சலித்துக்கொண்டாள்.

"குண்டு கிளம்பினப்புறமும் ட்ரிகர் பின்னாடி ஓடறதுடி. கை குலுங்கிடறது."

அந்த வீண் ஓட்டத்தைத் தடுக்க ட்ரிகருக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதைத் திருப்ப வேண்டிய மெக்கானிக் அன்று லீவு.

"நானே பண்றேன்க்கா."

பிஸ்டல் காலிதான் என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். ஸ்க்ரூவை முடுக்கி, பத்துப் பதினைந்து தடவை வெறுமனே அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"தூர், இத்தன நாள் இது தெரியாம இருந்துட்டேனே!" என்று வங்காளிகள் மாதிரி அலுத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

அந்தப் பாராட்டு போதவில்லை எனக்கு. அவள் கை கழுவப் போனபோது இன்னும் அரைச் சுற்று முடுக்கினேன். ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

மறுநாள் தேர்வில், மூன்று நொடி மட்டும் எங்கள் பக்கம் திரும்பி நிற்கும் இலக்கு; அதற்குள் சுட வேண்டும். அவள் அழுத்தினாள்; வெடிக்கவில்லை. நடுவர் பிஸ்டலை வாங்கிப் பலமாக அழுத்தினார்; வெடித்தது. நீதான் முழுசாக அழுத்தவில்லை என்று பூஜ்யம் போட்டார். அடுத்த சுற்றிலும் அப்படியே.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ட்ரிகர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்பே ஸ்க்ரூ அதை மறித்தது; பலமாக அழுத்தினால் மட்டும் தாண்டியது. என் முறை வந்தபோது, யாரும் பார்க்காமல் அரைச் சுற்று தளர்த்தினேன். எனக்கு டீமில் இடம் கிடைத்தது.

திரும்பும்போது டிராமில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பயந்துட்டேன் போலிருக்குடி. விரல் அழுத்தவே மாட்டேன்னுடுத்து."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்க்கா" என்றேன்.

அவள் அதன்பின் கிளப்புக்கு வரவில்லை.

பத்து வருஷம் கழித்து, லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடை வாசலில் பார்த்தேன். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"டிராம்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள் கடைசியில். கோபமே இல்லாத குரல். "அப்புறம் நான் துப்பாக்கியத் தொடவே இல்ல, தெரியுமா?"

மன்னிச்சுக்கோங்கோ என்று சொன்னேன். தலையாட்டினாள். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "சரி, நாழியாறது" என்று மெட்ரோ பக்கம் நடந்தாள். அவள் வீடு அந்தப் பக்கம்தான்; ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை.