பேக்கரிமேல் பூசிய கரி

சாயப்பட்டறையில் எல்லோருக்கும் அவர் ஆவியார். பாய்லரும் நீராவியுமாகவே பாதி ஆயுளை ஓட்டியவர். பேய் பிசாசுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் யாராவது சொல்லிவைப்பார்கள்.

பாய்லரை நிறுத்திவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாம் என்று முதலாளியிடம் மல்லுக்கட்டியதும் அவர்தான். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சி முதுகுப்பக்கம் தள்ளுகிறதல்லவா, அதே வேலைதான், பெரிய அளவில். சாக்கடைக்குப் போகிற வெந்நீரிலிருந்து சூட்டைப் பிடுங்கி, சாயத்தொட்டிக்கு வேண்டிய அளவு ஏற்றிக் கொடுக்கும். நிலக்கரி வேண்டாம், கரண்ட் போதும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்று மச்சினியிடம் மார்தட்டினார். அவள் பட்டறைக்குப் பின்தெருவில் நர்ஸ்களுக்கு வெள்ளை யூனிஃபார்ம் தைப்பவள். புகைக்குப் பயந்து, துவைத்ததையெல்லாம் வீட்டுக்குள்ளேயே உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இனிமே தைரியமா மொட்டைமாடியில காயப்போடு. புகைபோக்கிக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாச்சு!”

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு தண்ணீரின் சூடு இறங்க ஆரம்பித்தது. துணியில் சாயம் பிடிக்கவில்லை. இயந்திரத்தைப் பொருத்திய இன்ஜினியர் பெண் பராமரிப்பையெல்லாம் விளக்கியபோது, ஆவியார் வந்தவர் போனவரிடம் பாராட்டு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டியிருந்தார். இப்போது போன் போட்டு ‘தெரியவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாளைக்கு மட்டும் என்று பாய்லரைப் பற்றவைத்தார். விடியுமுன் தொட்டியைச் சூடாக்கிவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் அணைத்துவிடுவார். முதலாளி வெளியூரில் இருந்தார். மற்றவர்கள், ஆவியார் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் நீண்டுகொண்டே போயிற்று.

ஒருநாள் காலை மச்சினி ஒரு வெள்ளைச் சட்டையோடு கேட்டில் வந்து நின்றாள். தோள் முழுக்கக் கரும்புள்ளிகள்.

“ராத்திரி மாடியில கிடந்தது அத்தான். மறுபடியும் பாய்லர் ஓடுதா?”

“சேச்சே! மூலைக்கடை பேக்கரி அடுப்பா இருக்கும்.”

எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. அவள் நம்பினாள். அத்தான் பொய் சொல்வார் என்று அவள் ஏன் நினைக்கப்போகிறாள்?

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்: “என் தங்கச்சி பேக்கரிக்காரரை நடுக்கடையில நாறடிச்சுட்டாளாம். என் அடுப்பு கரண்ட்ல ஓடுதும்மான்னு மட்டும் சொல்லியிருக்காரு. இவ கேட்டாத்தானே!”

பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது. கையைக் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போய் இன்ஜினியருக்குப் போன் செய்தார்.

அவள் வந்து, கழிவுநீர்க் குழாயின் வடிகட்டியைக் கழற்றினாள். பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

“இதை வாராவாரம் கழுவணும்னு சொன்னேனே சார்.” குரலில் கோபம்கூட இல்லை. கழுவி மாட்டியதும் சூடு ஏறிவிட்டது. இவ்வளவுதானா என்று நினைக்கையில் அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

அங்கிருந்து நேராக பேக்கரிக்குப் போனார். “அது எங்க புகைதான்.”

“தெரியும்” என்றார் பேக்கரிக்காரர், ரொட்டியை வெட்டிக்கொண்டே. “நான் மாவு பிசைய எழுந்திருக்கிற நேரத்துலதானே நீங்க பத்தவைக்கிறீங்க.”

“அப்ப அவகிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

அதற்குமேல் பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மச்சினி தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். “அந்த மனுஷனை நான் என்னென்ன பேசிட்டேன்!” என்று செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினாள். ஆவியார் அந்தக் காலி வீட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

இப்போது மச்சினி பேசத்தான் செய்கிறாள். ‘வாங்க’, ‘உட்காருங்க’ எல்லாம் உண்டு, ‘அத்தான்’தான் இல்லை.

இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. அதைப் பார்க்க வேறு பட்டறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். “எல்லாம் இவரோட யோசனைதான்” என்று முதலாளி அவர் தோளில் கைபோடுவார். உள்ளே ஏதோ வேலை இருப்பதாக முனகிவிட்டு, ஆவியார் மெல்ல நழுவிவிடுவார்.