மூன்று பெட்டிகள், ஒரு வரன்

ஈரச் சாக்ஸ் சூடேறும்போது ஒரு வாசனை வரும். புளித்த மாவுக்கும் பழைய ரப்பருக்கும் நடுவே எங்கோ நிற்கிற வாசனை. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் தெருவிலும் துணி காயாது. அம்மா முன்னறையிலிருந்து அடுப்படி வரைக்கும் கொடி கட்டிவிடுவாள், நாங்கள் குனிந்து குனிந்து நடப்போம். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் மட்டும் என் சாக்ஸ் இரண்டையும் அப்பாவின் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், காற்றாடி சூடாக மூச்சு விடுகிற ஓட்டைக்கு நேரே தொங்கவிடுவேன். அப்பா காலையில் இரண்டு பத்திரம் அடித்து முடிப்பதற்குள் அவை மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

அப்பா பத்திர எழுத்தர். வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். அந்தப் பெட்டியில் ஓடியது விண்டோஸ். அதில் 'பத்திர எழுத்து' என்று நாங்கள் சொல்லும் பழைய தமிழ் எழுத்துரு ஒன்று இருந்தது. டைப்ரைட்டரில் பழகிய விரல்களுக்கு அதைத் தவிர வேறெதுவும் ஒத்துவராது என்று அப்பா அதை மாற்றவே இல்லை. அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அடித்த தாளை விற்பவர், வாங்குபவர் இருவரையும் எதிரே உட்காரவைத்து, சர்வே எண் முதல் நான்கு எல்லை வரை உரக்க வாசிப்பார்; அவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டார். "வாசிச்சுப் பார்க்காம ஒரு தாளு வெளிய போவப்படாது" என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவதைப் போல ஒரு சட்டம்.

அந்த வருடம் என் அக்கா உலகம்மாள் பிளஸ் டூ முடித்திருந்தாள். வீட்டில் அவள் 'உலகு'. பள்ளியில் அவளுக்கு அரசு மடிக்கணினி கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் வரும்: ஒன்று லினக்ஸ், மற்றது விண்டோஸ். பத்து எண்ணுவதற்குள் நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவே ஒன்றுக்குள் நுழைந்துவிடும். அக்கா எண்ண விடவே மாட்டாள், உடனே லினக்ஸ். யாரும் சொந்தம் கொண்டாடாத, எல்லாரும் சேர்ந்து கட்டிய வீடு அது என்று எங்கோ படித்துவிட்டு வந்து அதையே நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்பா பெட்டியின் கட்சி. கார் ஓட்டும் விளையாட்டிலிருந்து பக்கத்துக் கடையில் ஏற்றித் தரும் எதுவாக இருந்தாலும் அதில்தான் ஓடும்.

"ஒம் பெட்டியில கைய வச்சா அடுப்புல வச்ச மாதிரி இருக்கு. இதுல வைரஸே வராது, தெரியுமாட்டி?" என்பாள் அக்கா.

"வைரஸு வாரதுக்கும் உள்ள ஏதாச்சும் இருக்கணும்லா" என்பேன் நான்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் அம்மாவின் தம்பி சங்கரன் மாமா ஒரு மாத விடுப்பில் துபாயிலிருந்து வந்து இறங்கினார், கையில் கடித்த ஆப்பிள் படம் போட்ட வெள்ளி நிற மேக்கோடு. அருவிக்குப் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது அவர் மடியில்தான் இருக்கும். "ரெண்டு பேரும் எந்த மாடு நல்ல மாடுன்னு சண்ட போடுதிய. நான் காருல வந்திருக்கேன்" என்றார். அம்மா சாரல் ஈரத்தில் நமுத்துப்போன முறுக்கை எங்கள் முன் வைத்துவிட்டு, "மூணுலயும் துணி தொவைக்க முடியாதுல்லா, பின்ன என்ன பெரிய பெட்டி" என்று போய்விட்டாள்.

நான் விடுகிற ஆளா. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு மூன்று பெட்டிகளுக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்தேன். விளையாட்டில் அப்பா பெட்டி முதலிடம். அக்காவுடையதில் பனியில் சறுக்கும் பென்குவின் ஒன்று மட்டும். மாமாவுடையதில் நம் முகத்தையே கோணலாக்கிக் காட்டும் வேடிக்கை இருந்தது, ஆனால் மாமா விட்டால்தானே. கரண்ட் போனால் அப்பா பெட்டி கத்திக்கொண்டே செத்துப்போகும், மற்ற இரண்டும் அலட்டிக்கொள்ளாது. சாக்ஸ் காய்வதில் அப்பா பெட்டிக்கு நூற்றுக்கு நூறு. இப்படியே போனால் தெளிவு பிறக்கும் என்று நினைத்தேன், நேர்மாறாக நடந்தது. மாமாவுடையதில் திரையில் திறந்த ஜன்னலை மூட இடது மூலைக்குப் போக வேண்டும், எங்களுடையதில் வலது மூலை. நகலெடுக்க எங்களுக்கு ஒரு பொத்தான், அவருக்கு வளையம் வளையமாகப் பின்னிய வேறொரு பொத்தான். ஒரு வாரத்தில் என் கை எந்தப் பெட்டியிலும் சரியான மூலைக்குப் போகவில்லை. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெட்டி ஜெயித்தது.

அப்போதுதான் சுரண்டை அண்ணாச்சி வந்தார். அப்பாவுக்குத் தூரத்து உறவு. சுற்றுப்பட்டில் யார் நிலம் வாங்கினாலும் விற்றாலும் அவர்களை அப்பாவிடம் கூட்டி வருகிறவர். அவர் சொல்லுக்கு அப்பா முகத்துக்கு நேரே 'மாட்டேன்' சொல்லி நான் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும், கவுன்சிலிங்குக்குத் தேதியும் வந்துவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் காப்பியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"தம்பி, படிப்பு எங்கயும் ஓடிப் போவாது. நம்ம சொந்தத்துல ஒரு பையன், பெங்களூர்ல இருக்கான். அவன் ஆபீஸ்ல அவனுக்கு ஆப்பிள் படம் போட்ட கம்ப்யூட்டரே குடுத்திருக்காவன்னா பாத்துக்கிடும். பிள்ள வெவரத்த மெயில்ல அனுப்புங்க. பையனே பாக்கணும்னு சொல்லுதான்."

அப்பா, "அனுப்பிருவோம் அண்ணாச்சி" என்றார். அக்கா அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறுதலுக்கா, தடுத்து நிறுத்தவா, எனக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே அப்பா அந்த விவரத்தை அவருக்குத் தெரிந்த ஒரே நடையில் அடித்தார். 'திருநெல்வேலி மாவட்டம், தென்காசி வட்டத்தில் குடியிருந்து வருபவரின் மூத்த குமாரத்தி, சுமார் பதினெட்டு வயதுள்ள, மாநிறமுள்ள' என்று தொடங்கி, நான் 'மேற்படியாரின் இளைய சகோதரி' ஆகி, கடைசியில் 'மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று முடிந்தது. திரையில் அதைப் படித்த அக்கா, "என்னட்டி இது, நாலு எல்லையும் சொல்லி என்னயக் கிரயம் பண்ணுத மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் சிரிக்கவில்லை.

அப்பா வெளியே போயிருந்தபோது அவள் அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துத் தன் மடிக்கணினியில் திறந்தாள். தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு வால் ஒட்டி, தொப்பி போட்டு, நடுநடுவே கொக்கியும் புள்ளியுமாக ஒரு பக்கம் முழுக்கக் கிடந்தது. என் கட்டத்தில் 'தமிழ்' என்று ஒரு வரி நிரப்பாமல் இருந்ததால் நான் ஓடிப்போய் மாமாவின் மேக்கிலும் போட்டுப் பார்த்தேன். அதே கொக்கி, அதே கோணல். அப்பா பெட்டிக்குப் பத்து, மற்ற இரண்டுக்கும் பூச்சியம் என்று பெருமையாக எழுதினேன். பெட்டியின் மேல் தப்பே இல்லை, அந்த எழுத்துரு எங்கே இல்லையோ அங்கேயெல்லாம், இன்னொரு விண்டோஸிலும்கூட, அப்படித்தான் வரும் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஆனால் ஒன்று அன்றே விளங்கிவிட்டது: பெங்களூர்க்காரர் திறந்தாலும் இதுதான் தெரியும்.

மறுநாள் அப்பா, "ஏட்டி சின்னவளே, அந்தத் தாள மெயில்ல சேத்து அனுப்பு" என்றார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவள் தன் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா சொன்ன மாதிரியே அனுப்பு. நீயா எதையும் கூட்டாத, கொறைக்காத" என்றாள். அச்சு எடுத்து ஸ்கேன் பண்ணலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. அக்காவின் காது மடல் சிவந்திருந்தது. அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டேன்.

இரண்டு நாளில் அண்ணாச்சியின் போன். அப்பா சாணை பிடித்த பேனாக்கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னத்தத் தம்பி அனுப்புனிய? தொறந்தா ஒரே கொக்கியும் கோணலுமா கெடக்காம்."

"நம்ம பெட்டியில நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. அங்கன மெஷின்லதான் ஏதோ கோளாறு இருக்கணும்."

அடுத்த நாளும் அவர் பென்சில் சீவும் நேரத்தில்தான் போன் வந்தது, அதே ஸ்பீக்கரில். "பையனுக்கு வருத்தம் தம்பி. அவன் மெஷின்ல கோளாறே வராதாம். நீங்கதான் வைரஸ அனுப்பிட்டியன்னு சொல்லுதான். ஆபீஸ் மெஷினாம்லா, பதறிட்டானாம்."

அப்பா பேனாக்கத்தியை மடக்கி மேசை மேல் வைத்தார். "இந்தப் பெட்டியில அடிச்ச பத்திரம் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல அண்ணாச்சி. இன்னைக்கு என் பெட்டியக் குத்தம் சொல்லுத எடம், நாளைக்கு எம் பிள்ளையக் குத்தம் சொல்லாதா? எனக்கு மனசு ஒப்பல." அவர் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். அண்ணாச்சி, "நீரு சொல்லுததும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

ஒரு மாப்பிள்ளையும் ஒரு மாமனாரும் தத்தம் கம்ப்யூட்டரின் மானத்துக்காக ஒரு சம்பந்தத்தையே விட்டுக்கொடுத்த கதையை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ஒரு அச்சுத் தாளைச் சுரண்டை பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தால் முடிந்திருக்கும். அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே பிரிண்டர் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, நானும்.

அக்கா கவுன்சிலிங்குக்குப் போனாள், சீட்டும் கிடைத்தது. கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி என் காதில், "தேங்க்ஸ்ட்டி" என்றாள். எனக்குத் திக்கென்றது. அவள் சொன்னபடி நான் செய்ததாக அல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ நானே யோசித்து அவளுக்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். யார் செய்தது என்று தெரியாமலேயே இரண்டு பேரும் வளர்ந்தோம்.

இப்போது எல்லாரும் கட்சி மாறிவிட்டோம். லினக்ஸுக்காகத் தொண்டை வற்றக் கத்திய அக்கா, வேலை பார்க்கிற இடத்தில் கொடுத்த மேக்கைத்தான் தடவித் தடவி வைத்திருக்கிறாள். விண்டோஸ் கட்சிக்காரியான நான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், லினக்ஸில் குடியிருக்கிறேன். மாமா ஊரோடு வந்துவிட்டார், விண்டோஸ் வைத்திருக்கிறார். அப்பா எல்லாவற்றையும் செல்போனில் வாயால் சொல்லியே எழுதவைக்கிறார். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் உற்சாகமாக ஆரம்பித்து, பாதியில் என் கட்சிக்கு எதிராகவே பேசி, கேட்டவரை முன்பைவிடக் குழப்பி அனுப்புகிறேன். சாக்ஸ் காய்ந்த பெட்டி பழைய இரும்போடு போய்விட்டது. கறுப்புத் திரையில் பத்து எண்ணும் அந்த இரண்டு வரிகளும், கணக்கு நோட்டும், பத்திர எழுத்தும் இல்லை. என் கை மட்டும் ஜன்னலை மூட இன்னும் ஒரு கணம் இடதா வலதா என்று திரையின் நடுவில் நிற்கிறது.

இந்தச் சாரலில் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். அப்பா குளிக்கப் போயிருந்தார், நானும் சங்கரன் மாமாவும் காரில் இருந்தோம். பேச்சு பழைய பெட்டிகளுக்குப் போனது. நான் இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை, கோணல் வரும் என்று தெரிந்தே அனுப்பியதை, சொன்னேன்.

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கோட்டிப் பிள்ள, நீ அனுப்புததுக்கு மொத நாளே ஒங்கப்பா பென் டிரைவ எடுத்துட்டு எங்கிட்ட வந்தாருட்டி. 'மாப்ள, ஒம் மெஷின்ல இதத் தொற, பாப்போம்'னாரு. தொறந்தா ஒரே கோணலு. 'ஆப்பிள் போட்ட பெட்டி எல்லாத்துலயும் இப்பிடித்தான் வருமா'ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. பிடிஎஃப் ஆக்கித் தாரேன் அத்தான்னேன். வேண்டாம்னுட்டாரு."

அப்படியென்றால் அன்று போனில் நடுங்கிய குரல்? அது நடிப்பா, பெட்டியைக் குறை சொன்னதில் வந்த உண்மையான ரோஷமா, அண்ணாச்சியிடம் வாழ்க்கையில் முதல்முறையாக மறுத்துப் பேசிய பயமா? நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்துவிட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "அப்பா, உலகுக்கு வரன் வந்தப்ப அனுப்பினோமே ஒரு தாளு, அது கோணலா வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பா ஈரத் துண்டைப் பிழிந்து, காரின் சூடான பானட் மேல் சுருக்கம் இல்லாமல் விரித்தார். நான்கு மூலையையும் இழுத்துவிட்டார்.

"வாசிச்சுப் பார்க்காம நான் எந்தத் தாள வெளிய விட்டிருக்கேன்?" என்றார்.